கோல்கீப்பரின் முழங்காலுக்கு ஒன்பது மாதம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குறுவட்ட ஹாக்கிப் போட்டிகளுக்கு நீலகிரிப் பள்ளிகள் அணி சேர்க்கும்போது, ஓடத் தெரிந்தவர்களை எல்லாம் எடுத்த பிறகு மிச்சமிருக்கும் பிள்ளையிடம்தான் கோல்கீப்பரின் பேடை (காலில் கட்டும் காப்பு) கொடுக்கிறார்கள். பயிற்சியிலும் அந்தப் பிள்ளைக்குத் தனி நேரம் கிடையாது. மற்றவர்கள் வரிசையில் நின்று அடிக்கும் பந்துக்கெல்லாம் ஈடுகொடுப்பதே பயிற்சி என்று ஆகிவிட்டது. காயம் அங்கேதான் தொடங்குகிறது.

திருவனந்தபுரம் ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளியில் ஓட்டம், நீளம் தாண்டுதல், வாலிபால் என்று முயன்றுகொண்டிருந்த, பின்னாளில் இந்திய ஹாக்கி அணியின் கோல்கீப்பரான ஸ்ரீஜேஷை கோலுக்கு மாற்றியவர் பயிற்சியாளர் ஜெயக்குமார். 2017 அஸ்லான் ஷா கோப்பையில் முழங்கால் தசைநார் காயம்பட்டு, அந்த ஆண்டின் ஆசியக் கோப்பையையும் புவனேஸ்வரில் நடந்த உலக லீக் இறுதிச் சுற்றையும் இழந்து, 2018 ஜனவரியில் நியூசிலாந்தில்தான் அவர் மீண்டும் ஆடினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியின் கடைசி நேரப் பெனால்டி கார்னரைத் தடுத்து வெண்கலத்தை உறுதிசெய்ததும், 36 வயதில் பாரிஸ் ஒலிம்பிக்கில் இன்னொரு வெண்கலம் வென்றதும் அதற்குப் பிறகு. மருத்துவர், பிசியோ எல்லாம் கூடவே இருந்த இந்திய அணியின் வீரருக்கே ஏறத்தாழ எட்டு மாதம் பிடித்தது. நம் பிள்ளைகளை மூன்றாம் மாதமே 'நீக்கேப் (முழங்கால் உறை) போட்டுக்கிட்டு நில்லு' என்கிறோம்.

இங்குள்ள மைதானங்களில் கிக்குயூ புல் மெத்தைபோல அடர்ந்திருக்கும். ஷூவின் அடியிலுள்ள முளை (ஸ்டட்) அதில் மாட்டி, பாதம் நின்றுவிட, உடம்பு மட்டும் திரும்பினால் முழங்காலின் ஏசிஎல் தசைநார் அறுகிறது. பந்து மேலே படவே தேவையில்லை. 'டப்' என்ற சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம் என்றால் எண்ணெய் போட்டு நீவுவதை விட்டுவிட்டு, கோவைக்கே போக வேண்டியிருந்தாலும் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் வேலை காலை முழுதாக நீட்ட வைப்பதும் தொடைத் தசையை எழுப்புவதும். பொதுவாக மூன்று நான்கு மாதத்தில் மெதுவோட்டம், ஆறாம் மாதத்துக்குப் பிறகு பக்கவாட்டு அசைவுகள். ஆட்டத்துக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதம் ஆக வேண்டும். அப்போதும் நாள்காட்டி மட்டும் போதாது. காயம்பட்ட காலால் தாவும் தூரம், நல்ல காலால் தாவும் தூரத்தில் 90 சதவீதமாவது வர வேண்டும். கோல்கீப்பருக்குக் கூடுதலாக, பேடோடு விழுந்து எழும் பயிற்சியும் வேண்டும். விழும்போது முட்டி தரையில் குத்தக்கூடாது. தொடையின் பக்கமும் இடுப்பும் வாங்க வேண்டும்.

அடுத்தது தொடையிடுக்குத் தசை. டிசம்பர், ஜனவரி காலையில் ஊட்டியின் பள்ளத்து மைதானங்களில் உறைபனி வெளுத்துக் கிடக்கும்போது, உடம்பு சூடாகாமல் காலை அகட்டி விழுந்தால் அது பிடித்துக்கொள்ளும். பேட் கட்டும் முன் 15 நிமிடம் மெதுவோட்டம், பக்கவாட்டு நடை, இடுப்புச் சுழற்சி செய்தாக வேண்டும். ஒரே இடத்தில் நின்று இழுக்கும் நீட்டல் பயிற்சிகளை ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். பந்து எதிர்ப்பாதியில் இருக்கும்போது கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்து நிற்கிறார், சூடெல்லாம் போய்விடும். கம்பத்துக்குக் கம்பம் 3.66 மீட்டர்தான், நடந்துகொண்டே இருக்கலாம்.

பேடைப் பற்றிச் சொன்னால் உடற்கல்வி ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. கிரிக்கெட் பேடும் கிரிக்கெட் ஹெல்மெட்டும் ஹாக்கிக்கு ஆகாது. பந்து 156 முதல் 163 கிராம். அந்த எடையில் வருவது தொண்டையில் பட்டால் என்னவாகும்? காசு குறைவென்றால் முதலில் முகக்கம்பி வைத்த ஹாக்கி ஹெல்மெட், தொண்டைக் காப்பு, நெஞ்சுக் காப்பு, அடிவயிற்றுக் காப்பு வாங்குங்கள். இவை இல்லாமல் யாரையும் பெனால்டி கார்னருக்கு நிறுத்தாதீர்கள். பாதத்தில் ஷூவின்மேல் மாட்டும் காப்பான கிக்கரின் பக்கிள் காலின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். இடம் வலம் மாற்றிக் கட்டினால் உள்பக்கத்தால் பந்தைத் தள்ளும்போது பக்கிளில் பட்டு எங்கோ போகும். பேடின் அடி கிக்கர்மேல் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். அண்ணன் அளவுப் பேடைத் தம்பிக்குக் கட்டினால் அது காலைச் சுற்றித் திரும்பும். முட்டியை மடக்கி நிற்க முடியாமல் பிள்ளை நிமிர்ந்தே நிற்கும். தாழ வரும் பந்துக்குத் தாமதமாகத் தாவி விழுவதும் அதனால்தான்.

ஜூலை மழையில் பேட் காயாது. அதற்காக அடுப்பருகில் வைத்தால் ஃபோம் வளைந்துபோகும். நிழலில், காற்றில் நிறுத்துங்கள். கிளவுஸுக்குள் பழைய நாளிதழைத் திணித்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தங்கள் நாளிதழும் இதற்கு நன்றாகவே உதவும்!

பயிற்சியில் ஒரு சுற்றுக்கு 12 முதல் 15 பந்து, பிறகு ஓய்வு. களைத்த பிறகு அடிக்கும் பந்துகள் பயிற்சியில் சேராது. தவறாக விழும் பழக்கத்தைத்தான் வளர்க்கும்.

மே மாதக் கோடைப் பயிற்சி முகாமில் இரண்டு நாளைக் கோல்கீப்பர்களுக்கு மட்டும் ஒதுக்குமாறு மாவட்ட விளையாட்டு அலுவலகத்தைக் கேட்டுக்கொள்கிறோம். உடற்கல்வி ஆசிரியர்களையும் கூடவே அழையுங்கள். பள்ளியில் இருக்கும் பேடை அப்படியே எடுத்துவரச் சொன்னால் போதும். முதல் நாள் பாதி, ஸ்ட்ராப்பைச் சரிசெய்வதிலேயே போய்விடும்.

இப்படிக்கு,
ஹாக்கிப் பயிற்சியாளர்கள் சிலர்,
குன்னூர்.