வீடு சந்திக்க நேரமில்லை என்ற தம்பிக்கு

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

பிரசங்கத் தயாரிப்பிலேயே வாரம் ஓடிவிடுகிறது, சபையாரை வீடு வீடாகப் போய்ச் சந்திப்பதைச் சபையின் மூப்பர்களிடம் விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். மூப்பர்கள் போகட்டும், நல்லதுதான். ஆனால் நீ போகாவிட்டால் முதலில் அடிவாங்குவது உன் பிரசங்கம்தான்.

எபேசு சபை மூப்பர்களிடம் விடைபெறும்போது, வெளியரங்கமாகவும் வீடுகள்தோறும் உபதேசித்ததாகப் பவுல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார் (அப்போஸ்தலர் 20:20). 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டரில் போதகராயிருந்த ரிச்சர்ட் பாக்ஸ்டர், வாரத்தில் இரண்டு நாட்களைக் குடும்பங்களோடு தனித்தனியாகப் பேசவென்றே ஒதுக்கினார். பத்து வருடப் பிரசங்கத்தில் பிடிபடாதது சிலருக்கு அரைமணி நேர நேர்ப்பேச்சில் உறைத்தது என்று 1656இல் வெளியான தன் புத்தகத்தில் எழுதினார். இத்தனைக்கும் பெயர்பெற்ற பிரசங்கி அவர்.

சந்திக்கப் போனால் வசனம் உனக்கே வேறு மாதிரி கேட்கும். "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்பதைப் படிப்பு மேசையில் மூன்று குறிப்புகளாகப் பிரிப்பது சுலபம். குழந்தையைப் பறிகொடுத்த தாய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருப்பாள் என்று தெரிந்தபின் அதை எப்படிச் சொல்வாய்? விட்டுவிடச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய வாக்கியம் கிடைக்கும்வரை யோசி. விளக்கவுரைகளில் அது கிடைக்காது.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. வெள்ளிக்கிழமை ஒருவர் அழுதுகொண்டே சொன்னதை, ஞாயிற்றுக்கிழமை "பெயர் வேண்டாம், ஒரு குடும்பம்..." என்று ஆரம்பித்தால் யாரென்று சபைக்கே தெரிந்துவிடும். வயதை, தொழிலை மாற்றிச் சொல்வதெல்லாம் சின்னச் சபையில் பலிக்காது. அவர் இனி உன்னிடம் மனம் திறக்கமாட்டார்; கேட்டுக்கொண்டிருந்த மற்றவர்களும்தான். அவர் சம்மதித்தாலும் நான் சொல்லமாட்டேன். பாஸ்டரே கேட்கும்போது எத்தனை பேரால் மறுக்க முடியும்? நேரில் கண்டிக்கத் துணியாததை மேடையில் ஜாடையாகப் போடுவது இதைவிட மோசம். எதிர்த்துப் பேச முடியாத இடத்தில் வைத்து ஒருவரை அடிப்பது கோழைத்தனம் என்பேன்.

அப்புறம், போகிற வீட்டிலெல்லாம் பிரசங்கிக்காதே. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நொந்திருந்த யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்தபின்தான் "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்", அதாவது வேதனையைக் கூட்டுகிற ஆறுதல்காரர் என்று பேர் வாங்கினார்கள்.

அடுத்த வாரப் பிரசங்கம் வேதாகமத்தின் 88ஆம் சங்கீதம் என்று எழுதியிருந்தாய். இருளில் முடிகிற சங்கீதம் அது. நீயாக ஒரு சந்தோஷ முடிவை ஒட்டாதே. குறிப்பெடுக்கும் முன், நெடுநாளாகப் படுக்கையில் இருக்கும் உன் சபையார் ஒருவரிடம் போய் அதை வாசித்துக் காட்டு. அவர் சொல்வதைக் கேள். அதை மேற்கோள் காட்டாமல் பிரசங்கத்தை எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்