அந்தச் 'சரி'க்கு ஒரு முடிவுத் தேதி வேண்டும்

கட்டற்ற மென்பொருள் திட்டங்களை ஒருங்கிணைக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஒரு மென்பொருளின் தமிழ் மெனுவில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்தத்தான் நான் இந்தத் தன்னார்வ வேலைக்குள் வந்தேன். அப்புறம் மொழிக்கோப்பு முழுக்க என்னிடம் வந்தது. பிறகு உதவிக் கையேடு, வழு அறிக்கைகள், புதியவர்களுக்குப் பயிற்சி. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. "நீங்க பார்த்துக்கிறீங்களா?" என்றார்கள், "சரி" என்றேன். எதுவரை என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன மாதம் மகளுக்குக் காய்ச்சல். இரவு பதினொன்றரைக்கு ஒரு கை அவள் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டிருக்க, மறுகை செல்பேசியில் 'கேன்சல்' பொத்தானுக்கு 'ரத்து செய்' சரியா, 'கைவிடு' சரியா என்று வாதாடிக்கொண்டிருந்தது. அன்றுதான் உறைத்தது.

இது என் சோர்வு மட்டும் என்று விட்டுவிடாதீர்கள். லினக்ஸ் கணினிகள் பலவற்றில் இருக்கும் 'எக்ஸ்இசட்' சுருக்கக் கருவியைப் பல வருடம் ஒரே ஒருவர்தான் பராமரித்துவந்தார். 2022இல் வேலை மெதுவாக நடக்கிறது என்று முகம் தெரியாதவர்கள் அவரை நெருக்கினார்கள். இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்று அவர் நினைவூட்டிப் பார்த்தார். உதவ வந்த 'ஜியா டான்' என்பவரிடம் பொறுப்பு மெல்லப் போனது. அந்தக் கணக்கிலிருந்துதான், அந்நியர் ரகசியமாகக் கணினிக்குள் புக வழிவிடும் 'பின்கதவு' கருவிக்குள் நுழைந்தது. தொலைவழி உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் அதை வெளியே சொல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ.

தன்னார்வலர்கள் உருவாக்கும் லினக்ஸ் இயங்குதளமான டெபியனில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பொதியை, அதாவது அதில் நிறுவத் தயாராக வைத்திருக்கும் ஒரு மென்பொருளை, பராமரிப்பவர் 'உதவி வேண்டும்' என்று அறிவிக்கலாம், தத்தெடுக்க ஆள் கேட்கலாம், எதுவும் முடியாவிட்டால் பொதியை 'அநாதை' என்று சொல்லிவிட்டுப் போகலாம். பெயர் கொஞ்சம் கொடூரம்தான். ஆனாலும் அடுத்தவர் எடுக்கும்வரை தரக்குழு அதைப் பார்த்துக்கொள்ளும். போகிறவர் யாரிடமும் காரணம் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை.

நம்மிடம் அப்படி எதுவும் இல்லை. இருப்பதெல்லாம் ராத்திரி கண்விழித்தவருக்கு ஒரு கைதட்டல்தான். அதை முதலில் நிறுத்துங்கள். வேலை கொடுக்கும்போதே ஆறு மாதமா, அடுத்த வெளியீடு வரையா என்று கேளுங்கள். ஒரு வேலைக்கு இரண்டு பேர் கிடைக்கவில்லையா? அந்த வேலை கொஞ்ச நாள் நடக்காமலே இருக்கட்டும்.

என் பங்குக்கு, அடுத்த வெளியீடு வரை சொற்பட்டியலை மட்டும் பார்த்துக்கொள்கிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் என் பெயரை எடுத்துவிட்டு 'ஆள் தேவை' என்று போடுங்கள். 'ரத்து செய்'யா 'கைவிடு'வா என்பதையும் வேறு யாராவது முடித்துவையுங்கள்.

அன்புடன்,
ஒரு மொழிபெயர்ப்பாளர்