பேஸ் எடுபடவில்லையா? ஈக்யூவைத் தொடும் முன் கிக்கைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியில் இசையமைக்கப் பழகுவோருக்காகத் தங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மென்பொருள்களைப் பற்றிய பகுதி பயனுள்ளது. ஆனால் டீப் ஹவுஸ், டெக்னோ ஆகிய மின்னணு நடன இசைகளுக்கு பேஸ் எனும் தாழ்ந்த ஒலி வரியை அமைப்பது பற்றி அதில் சொல்லப்பட்ட இரண்டு யோசனைகள் புதியவர்களைத் தடம் மாற்றிவிடும். ஒலியின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் 60 ஹெர்ட்ஸ் பகுதியைத் தூக்குவது ஒன்று. ஒரே வரியை மூன்று நான்கு சின்த்களில் (மின்னணு ஒலியாக்கிகளில்) அடுக்குவது மற்றொன்று. பேஸின் பலம் ஸ்வரத்தின் நீளத்திலும், கிக் எனும் தாழ்ந்த டிரம் அடி விழும் இடத்தை ஒட்டி அது எங்கே நுழைகிறது, எங்கே ஒதுங்குகிறது என்பதிலும்தான் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

60 ஹெர்ட்ஸை 6 டெசிபல் தூக்கினால் அந்தப் பகுதியின் அலைவீச்சு ஏறக்குறைய இரு மடங்காகிறது. காதுக்கு அது இரு மடங்கு ஒலியாகத் தெரியாமல் போகலாம். ஒலி எல்லை மீறாமல் தடுக்கக் கடைசியில் நிற்கும் லிமிட்டருக்கோ அது மலை. ஒவ்வொரு கிக்கிலும் லிமிட்டர் மொத்தப் பாட்டையும் அமுக்கும். ஹை-ஹாட்டும் (சிறு தாளத்தட்டு ஒலி) கார்டுகளும் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) சேர்ந்து பம்மும். பேஸ் இன்னும் போதவில்லையே என்று மறுபடி தூக்குவார்கள். சிக்கல் அங்கிருந்து முற்றிக்கொண்டே போகும்.

சரியான வரிசை இதுதான்: முதலில் கிக், அடுத்து வேகம், பிறகு பேஸின் இடம், அதன் பிறகே பேஸின் நிறம். 122 பிபிஎம் (நிமிடத்துக்கு 122 அடி) வேகத்தில் ஒரு கிக்கிலிருந்து அடுத்த கிக்குக்கு 492 மில்லிவினாடி. கிக்கின் வால் 240 மில்லிவினாடி நீளம் என்றால் மிச்சம் இருப்பது சுமார் 250. அதாவது, நான்கு அடிகள் கொண்ட ஓர் ஆவர்த்தத்தின் இரண்டு பதினாறாம் பாகங்கள். டீப் ஹவுஸில் பேஸ் பெரும்பாலும் அடிக்கு வெளியே, இடைவெளியில் விழுவதற்கு இதுவே காரணம்: தாழ்ந்த ஒலிக்கு மிச்சமிருக்கும் இடம் அதுதான். கிக்கின் வாலை 400 மில்லிவினாடிக்கு நீட்டிவிட்டு பேஸ் கேட்கவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. கிக்கை வெட்டுங்கள்.

ஒரு வரியைப் பார்ப்போம். ஏ மைனரில், ஓர் ஆவர்த்தத்தை 16 கட்டங்களாகப் பிரித்தால் கிக் 1, 5, 9, 13இல் விழும். பேஸுக்கு 3ஆம் கட்டத்தில் 55 ஹெர்ட்ஸ் ஏ, கட்டத்தின் 80 விழுக்காடு நீளம். 4இல் அதே ஏ, ஆனால் 40 விழுக்காடு மட்டும். 7இல் மறுபடி ஏ. 11இல் 49 ஹெர்ட்ஸ் ஜி. 12இல் ஓர் ஆக்டேவ் மேலே 110 ஹெர்ட்ஸ் ஏ, மிகக் குறுகலாக. 15இல் 65.4 ஹெர்ட்ஸ் சி. இரண்டாம் ஆவர்த்தத்தில் அந்த 15ஆம் கட்டத்தை மட்டும் காலியாக விடுங்கள். காது அங்கே சியை எதிர்பார்க்கும், அது வராது. அந்த ஏமாற்றமே வரியை முன்னோக்கித் தள்ளும். மேலே ஏ மைனர் நைன்த் கார்டு ஒலித்தால் ஜி அதன் ஏழாம் ஸ்வரமாக உட்காரும். கார்டில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை ஹை-பாஸ் ஃபில்டரால் நீக்கிவிட வேண்டும். பல நேரங்களில் பேஸ் தெளிவில்லாமல் போவதற்குக் குற்றவாளி பேஸ் அல்ல, கார்டில் இடது கை வாசிக்கும் தாழ்ந்த பகுதி.

ஸ்வரப் பெயர்களோடு ஹெர்ட்ஸையும் எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு மென்பொருளில் ஏ1 என்று காட்டப்படுவது இன்னொன்றில் ஏ0 ஆக இருக்கும். பியானோவின் நடுவே உள்ள மிடில் சியை சிலர் சி3 என்றும் சிலர் சி4 என்றும் எண்ணுவதால் வரும் குழப்பம் இது. டியூனரில் ஹெர்ட்ஸைப் பார்த்துக்கொண்டால் ஓர் ஆக்டேவ் தவறிப் போகாது.

இதற்கு 56 விழுக்காடு ஸ்விங் கொடுத்தால் 4, 12 போன்ற இரட்டைப்படைக் கட்டங்கள் சுமார் 15 மில்லிவினாடி பின்தங்கும். அந்த 15 மில்லிவினாடியில்தான் ஹவுஸின் நடை இருக்கிறது. பேஸுக்கு ஸ்விங் கொடுத்துவிட்டு ஹை-ஹாட்டை நேராக விட்டால் இரண்டும் உரசிக்கொண்டு, ஒரே அடி இரண்டாகப் பிளந்ததுபோல் கேட்கும். இரண்டுக்கும் ஒரே அளவு வேண்டும்.

இனி நிறம். சின்த்தில் அலையை உண்டாக்கும் ஓர் ஆசிலேட்டர் போதும். சா (ரம்பப்பல் வடிவ) அலையில் எல்லா ஹார்மோனிக்குகளும் (அடி ஸ்வரத்தின் மடங்குகள்) உண்டு. ஸ்கொயர் அலையில் ஒற்றைப்படை மட்டும். 55 ஹெர்ட்ஸ் ஸ்கொயரில் அடுத்து வருவது 165, பிறகு 275. 110 காலியாக இருப்பதால் ஒலி உள்ளீடற்றதாக, சற்று மரத்தன்மையோடு இருக்கும். மெல்லிய கார்டுகளுக்கு நடுவே அது நன்றாக அமரும். சா எடுத்தால் மேல் ஒலிகளை வெட்டும் லோ-பாஸ் ஃபில்டரை ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவில் வைத்து, வெட்டு தொடங்கும் கட்ஆஃபை 120 முதல் 150 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். ஸ்வரத்தின் போக்கில் ஃபில்டரை அசைக்கும் என்வலப் அதை 600, 700 ஹெர்ட்ஸ் வரை ஒரு கணம் திறந்து மூட வேண்டும். டிகே (இறங்கும் நேரம்) 180 மில்லிவினாடி, சஸ்டெயின் (பிறகு நிற்கும் அளவு) 20 விழுக்காடு, ரெசொனன்ஸ் (கட்ஆஃப் அருகே ஒலி கூர்மையாவது) மிகக் கொஞ்சம். மூக் சின்த்தின் பாணியிலான லேடர் ஃபில்டரில் ரெசொனன்ஸை ஏற்ற ஏற்ற அடிப்பகுதி மெலியும். அது அந்த மின்சுற்றின் இயல்பு, பழுதல்ல. அப்படியும் ரெசொனன்ஸ் வேண்டுமென்றால் கீழே ஒரு சைன் அலையைத் தனியாக ஓடவிட வேண்டும்.

ஒலியளவை ஆளும் ஆம்ப் என்வலப்பில் அட்டாக் (ஒலி ஏறும் நேரம்) பூஜ்யமாக இருந்தால், அலை நடுவழியில் தொடங்கி 'டிக்' என்ற சத்தம் வரும். 3 மில்லிவினாடி கொடுத்தால் போய்விடும். ரிலீஸும் (ஒலி அடங்கும் நேரம்) பூஜ்யமாக இருக்கக்கூடாது. 55 ஹெர்ட்ஸின் ஒரு முழுச் சுற்றுக்கே 18 மில்லிவினாடி ஆகிறது. அதற்குள் அலையை நறுக்கினால் முடிவிலும் டிக் கேட்கும். 20 முதல் 40 வரை சரியாக இருக்கும். அதற்கு மேலே போனால் வால் அடுத்த கிக்கின் மேல் ஏறும். ஸ்வரம் உயர்ந்தால் கட்ஆஃபையும் உயர்த்தும் கீ-டிராக்கிங்கைப் பாதியளவு வைத்தால் 12ஆம் கட்டத்தின் மேல் ஏ மங்காது. வெலாசிட்டியை (கட்டையை அழுத்தும் வேகத்தை) ஒலியளவோடு இணைப்பதைவிட ஃபில்டரின் கட்ஆஃபோடு இணைப்பது நல்லது: அழுத்தம் தெரியும், அடிப்பகுதியின் அளவு குலையாது.

சின்த்தை மோனோ நிலையில், ஒரே குரலாக வைக்க மறந்துவிடுவார்கள். ஏவின் ரிலீஸ் முடியும் முன் ஜி தொடங்கினால் 55ம் 49ம் சேர்ந்து வினாடிக்கு 6 முறை அதிரும். அதை ஸ்பீக்கர் கோளாறு என்று நினைப்பவர்கள் உண்டு.

அடுக்குவதைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகம் கெடுவது இதில்தான். இரண்டு ஆசிலேட்டர்களை 7 சென்ட் (அரை ஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) விலக்கி வைத்தால் 55 ஹெர்ட்ஸில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.22 ஹெர்ட்ஸ். அதாவது ஏறத்தாழ நாலரை வினாடிக்கு ஒரு முறை இரண்டும் ஒன்றையொன்று விழுங்கி அடிப்பகுதி காணாமல் போகும். 122 பிபிஎம்மில் ஓர் ஆவர்த்தம் 2 வினாடிக்குச் சற்றுக் குறைவு. எனவே ஏறத்தாழ இரண்டே கால் ஆவர்த்தத்துக்கு ஒருமுறை பேஸ் காரணமின்றி மெலிவதுபோல் தோன்றும், ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஸ்வரத்தில். ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரசரால் இதைச் சரிசெய்ய முடியாது. ஆசிலேட்டர்கள் ஒவ்வொரு ஸ்வரத்திலும் அலையின் தொடக்கத்திலிருந்தே ஓடும்படி ரீட்ரிகர் வைத்தால் குறுகிய ஸ்வரங்கள் தப்பிக்கும். 120 மில்லிவினாடிக்குள் அவை விலகிப் போக நேரமில்லை. நீண்ட ஸ்வரங்கள் வேண்டும் என்றால் விலக்கிய அடுக்கை 150 ஹெர்ட்ஸுக்கு மேலே மட்டும் வைத்து, கீழே ஒற்றை அலையை விடுங்கள்.

இதே அதிர்வை வேண்டியே பயன்படுத்தியவர்களும் உண்டு. டெட்ராய்ட்டின் கெவின் சாண்டர்சன் 1988இல் ரீஸ் என்ற பெயரில் வெளியிட்ட பதிவிலிருந்து வந்த பேஸுக்கு ரீஸ் பேஸ் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அங்கே ஸ்வரங்கள் நீளமானவை, அசைவு அந்த விலகலிலிருந்தே பிறக்கிறது. தெரிந்து செய்வது வேறு, தற்செயலாக மாட்டிக்கொள்வது வேறு.

டெக்னோவில் கணக்கு மாறுகிறது. ஸ்வரங்கள் குறைவு, பல நேரங்களில் ஒன்றே ஒன்று. அசைவை ஃபில்டரும் அழுத்தமும்தான் தர வேண்டும். ரோலண்ட் நிறுவனம் 1981இல் கொண்டுவந்த டிபி-303 சின்த் இதற்கு இன்றும் நல்ல பாடம். பேஸ் கிட்டாருக்குப் பதிலாகத் துணை இசைக்க என்று உருவாக்கப்பட்ட அந்தப் பெட்டி சிகாகோவில் ஆசிட் ஹவுஸின் குரலானது. அதன் உயிர் ஆக்சென்ட்டிலும் (அழுத்தம்) ஸ்லைடிலும் (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்குதல்) இருக்கிறது. ஆக்சென்ட் விழும் கட்டத்தில் ஒலி உயர்வதோடு ஃபில்டரும் கூர்மையாகத் திறக்கும். ஒரே 16 கட்ட வரியில் ஸ்வரங்களை மாற்றாமல் ஆக்சென்ட்டுகளை மட்டும் இடம் மாற்றிப் பாருங்கள், வேறு வரியாகிவிடும். இன்னொரு வழி, பேஸை 3 கட்டச் சுழற்சியாக வைப்பது. 16 கட்ட ஆவர்த்தத்தோடு அது 48 கட்டங்களுக்குப் பிறகே, அதாவது 3 ஆவர்த்தங்களுக்கு ஒருமுறைதான் மீண்டும் ஒன்றுசேரும். கேட்பவருக்கு எண்ணத் தெரிய வேண்டியதில்லை, கால் உணர்ந்துகொள்ளும்.

கிக்கின் அடியில் உறுமும் ரம்பிளுக்குத் தனி சின்த்தே தேவையில்லை. கிக்கின் நகல் ஒன்றை ஒன்றரை வினாடி ரிவெர்புக்கு (எதிர்முழக்க விளைவுக்கு) அனுப்பி, அதை ஒற்றைத் தடமாக மோனோவாக்கி, 120 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வெட்டி, கொஞ்சம் டிஸ்டார்ஷன் சேர்த்து, மூல கிக் விழும்போதெல்லாம் இது தணியும்படி அந்தக் கிக்கையே கொண்டு சைட்செயின் செய்ய வேண்டும். டிஸ்டார்ஷன் மேலே புதிய ஹார்மோனிக்குகளை உண்டாக்குவதால் அதற்குப் பின்னும் ஒரு லோ-பாஸ் வையுங்கள். மோனோவாக்க மறந்தால் ஸ்டீரியோ ரிவெர்பின் இரு பக்கங்களும் அடிப்பகுதியில் முரண்படும். மோனோ சிஸ்டத்தில் ரம்பிள் மெலியும். ரம்பிளின் சுருதி கிக்கின் சுருதிதான் என்பதால், மேலே கார்டு ஏதாவது வருமானால் கிக்கை முதலில் சுருதி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சைட்செயின் கம்ப்ரசரைப் பொறுத்தவரை, விகிதம் 4:1, அட்டாக் 1 மில்லிவினாடிக்குள், ரிலீஸ் 80 முதல் 120, குறைப்பு 3 முதல் 6 டெசிபல் என்று தொடங்கலாம். 130 பிபிஎம்மில் அடிக்கு அடி 462 மில்லிவினாடி என்பதை மனதில் வைத்து ரிலீஸைக் காதால் சரிசெய்யுங்கள். ஆனால் டீப் ஹவுஸில் பேஸ் கிக்கின் மேல் விழவே இல்லை என்றால் சைட்செயின் அநேகமாகத் தேவைப்படாது. வரியை ஒழுங்குபடுத்தாமல் அதை வைத்து மறைப்பது சோம்பல் என்பது என் கருத்து.

கிக்கும் பேஸும் சேர்ந்தே விழ வேண்டிய இடங்களில் பேஸ் டிராக்கின் போலாரிட்டியை (அலையின் மேல்கீழ் திசையை) ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எந்த நிலையில் அடிப்பகுதி நிறைகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். 55 ஹெர்ட்ஸில் அரைச் சுற்று 9 மில்லிவினாடி என்பதால் பேஸை 3, 4 மில்லிவினாடி நகர்த்துவதும் கேட்கும்படியான வேறுபாட்டைத் தரும்.

சிறிய ஸ்பீக்கர்களில் 55 ஹெர்ட்ஸ் வராது. ஆனால் 110, 165, 220 கேட்டால் மூளை அடி ஸ்வரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். அந்த மேல் ஒலிகளைச் சேர்க்கத்தான் சாச்சுரேஷன் எனும் மெல்லிய டிஸ்டார்ஷன். பேஸை அதிகம் ஏற்றாமல், மெல்லிய சாச்சுரேஷன் கொடுத்து 800 ஹெர்ட்ஸுக்கு மேலே மழுக்கிவிட்டால் போனிலும் வரி புரியும்.

கடைசியாக, கேட்கும் அறை. 4 மீட்டர் நீள அறையில் முதல் ஒத்ததிர்வு 43 ஹெர்ட்ஸ் அருகே விழும். அறையின் நட்டநடுவே அந்த ஒலி ஏறக்குறைய இல்லாமல் போகும். எஃப் மைனரில் 43.65 ஹெர்ட்ஸ் எஃப்பை வைத்துவிட்டு நடு அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், இருக்கும் பேஸ் இல்லாததுபோல்தான் கேட்கும். அந்தப் பள்ளத்தை ஈக்யூவால் நிரப்ப முடியாது. நாற்காலியை முன்னே பின்னே நகர்த்துங்கள், ஹெட்போனிலும் சரிபாருங்கள். ஒலியளவும் முக்கியம். மெதுவாக வைத்துக் கேட்கும்போது காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் குறைவாகவே எட்டும். 1933இலேயே ஃப்ளெட்சர், மன்சன் ஆகிய ஆய்வாளர்கள் அளந்து காட்டியது இது. இரவில் மெல்லிய ஒலியில் பேஸ் அளவைத் தீர்மானித்தால் மறுநாள் அது அளவுக்கு மீறி நிற்கும்.

இவையெல்லாம் முடிந்த பிறகும் ஈக்யூ வேண்டுமென்றால், பேஸில் 200 முதல் 300 ஹெர்ட்ஸுக்குள் 2 டெசிபல் குறைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். கட்டுரையின் அடுத்த பகுதி வரும்போது, மென்பொருள்களின் பட்டியலோடு, கிக்கின் நீளத்தை அளப்பது எப்படி, ஸ்வரத்தின் நீளத்தை அதற்கேற்ப வெட்டுவது எப்படி என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மின்னிசைத் தயாரிப்பில் உள்ள ஒரு வாசகர்