வயிறும் முயலும்

தைப்பே,
ஜூலை 19

அன்புள்ள செல்வி,

நலமா? அத்தைக்குக் கண் கட்டுப் பிரித்தாயிற்றா? உன் மெயில் வந்து பத்து நாளாகிறது, பதிலே போடவில்லை என்று திட்டியிருப்பாய். திட்டு. இங்கே தினமும் 40 புதுச் சொல்லை உருப்போட்டு, மறுநாள் காலை முதல் வேலையாக டிக்டேஷன் எழுத வேண்டும். 43 வயதில் விரலெல்லாம் மை.

இந்த வயதில் எதற்குடி சீனம் என்று கேட்டிருந்தாய். ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் கம்பெனி மீட்டிங்கில் தைவான்காரர்கள் பாதி விஷயத்தைத் தங்களுக்குள்ளேயே பேசி முடித்துவிட்டு, கடைசியில் "ஓகே மேடம்" என்று என் பக்கம் திரும்புவார்கள். அந்தப் பாதியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் எட்டு வாரம் லீவு போட்டு, சேமிப்பில் கைவைத்து வந்திருக்கிறேன். வீட்டில் முழுக் கணக்கு இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லிவிடாதே.

வகுப்பில் நாங்கள் நாலு பேர். காலையில் மூன்று மணி நேரம் சேர்ந்து, மதியம் ஒரு மணி நேரம் ஆசிரியையோடு தனியாக. வாசல்படி தாண்டினால் சீனம் தவிர வேறு பேச்சு கிடையாது என்று முதல் நாளே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். முதல் வாரம் முழுக்க நான் வாயே திறக்கவில்லை. நான்! நீ நம்ப மாட்டாய்.

சீனத்தில் ஒரே சொல்லைக் குரலை ஏற்றி இறக்கிச் சொன்னால் அர்த்தமே மாறிவிடும். எல்லோரும் இந்த நாலு தொனியைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். அது கூடப் பரவாயில்லை, சின்ன வயதில் பாட்டு கிளாஸ் போனது கைகொடுத்தது. என்னைக் கவிழ்த்தது காற்று. இந்தி பிரச்சார சபா பரீட்சைக்குப் படிக்கும்போது 'கானா' என்று தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, சாப்பிட்டதா பாடினதா என்று தெரியாமல் முழித்தோமே, அதே கதை. இங்கே வயிறும் 'டூட்ஸ', முயலும் 'டூட்ஸ'. தொனியும் ஒன்றே. முயலுக்கு மட்டும் டகரத்தோடு கொஞ்சம் காற்று வெளியே வர வேண்டும். ஆசிரியை ஒரு டிஷ்யூவைக் கிழித்து என் உதட்டுக்கு முன்னால் பிடித்தார். முயல் என்றால் அது ஆட வேண்டும், வயிறு என்றால் அசையக் கூடாது. எனக்கு இரண்டுக்கும் அசையவில்லை. அரைமணி நேரம் ஊதி ஊதி, அப்புறம் இரண்டுக்கும் ஆடியது!

அதற்கு மறுநாள்தான் வயிற்றுவலி. மூலை மருந்துக்கடையில் போய், கற்ற வித்தையெல்லாம் காட்டி, காற்றோடு சொன்னேன். கடைக்கார அம்மா முகம் இளகிப்போய், "ஐயோ, அதற்கு எத்தனை வயது?" என்றார். எனக்கு 43 என்றேன். பிறகு நான் வயிற்றைப் பிடித்துக்காட்டியதும் அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

ஆங்கில எழுத்தில் சீனம் படிப்பதும் இதற்கு ஒரு காரணம். 'டி'யைக் கண்டாலே நம் நாக்கு 'டப்பா'வுக்குப் போய்விடுகிறது. இங்கே குழந்தைகள் போபொமோஃபோ என்று 37 குறிகள் படிக்கிறார்கள். அதில் இந்த இரண்டு ஒலிக்கும் ஒட்டுறவே இல்லாத இரண்டு வடிவம். அதைப் படித்த பிறகுதான் இவை வேறு வேறு எழுத்து என்பதே மண்டையில் ஏறியது.

நம் ழகரத்தை நம்பித்தான் வந்தேன். அதற்குக் கிட்டத்தட்ட ஒத்த ஒலி சீனத்தில் உண்டு. வெயிலைச் சொல்ல 'ழ' என்று நான் ஆரம்பித்தவுடன் வகுப்பே திரும்பிப் பார்த்தது, ஆசிரியைக்கு ஏக சந்தோஷம். ஆனால் தெருவில் பழக்கடைக்காரர் அதையே 'ல' என்கிறார். நாலையும் பத்தையும்கூட ஒரே மாதிரி சொல்லிவிட்டு, தொனியில்தான் பிரிக்கிறார். எனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்று இந்த ஊருக்குத் தேவைப்படவில்லை, பார்த்தாயா.

எழுத்து வேறு உயிரை எடுக்கிறது. காதால் 'கேள்' என்று எழுத இங்கே 22 கோடு. சீனாவில் 7 கோட்டில் முடித்துவிட்டார்கள். நம் முதலாளிகள் தைவான் ஆயிற்றே, 22தான்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. சைவக் கடைகள் நிறைய, எடுத்துக்கொண்டதை எடைபோட்டுக் காசு வாங்குகிறார்கள். ரசம்தான் இல்லை. குப்பை வண்டி சாயங்காலம் பீத்தோவன் இசை போட்டுக்கொண்டு வரும், எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். போன வாரம் புயலுக்கு ஒரு நாள் லீவு விட்டார்கள். முந்தின இரவு அறிவிப்பு வந்ததும் நாங்கள் நாலு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி குதித்தோம், சீனத்திலேயே.

மருந்துக்கடை அம்மா தினமும் என்னைப் பார்த்து, "முயல் சௌக்கியமா?" என்கிறார். சௌக்கியம் என்கிறேன். அதை மட்டும் தப்பில்லாமல் சொல்ல வருகிறது.

அத்தையைக் கேட்டதாகச் சொல்.

உன்,
கோமதி