பெரட்டுக்கு வராத ஹார்ட் டிஸ்க்

சுங்கை சிப்புட்,
பேராக்.

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. ஜொகூரில் பேரப்பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாய் என்பதில் சந்தோஷம். முட்டி வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே காலத்தை ஓட்டாதே, ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு. இதற்கு மேல் சொன்னால் உனக்குக் கோபம் வரும்.

இங்கே மத்தியானம் வரை மண்டையைப் பிளக்கும் வெயில், நாலு மணிக்கு மேல் இடி மின்னல். நம் தோட்டத்து லயம் வீடுகள் வரிசையாக இருந்த மேட்டில் செம்பனை ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்துவிட்டது. ரப்பர் பால்மரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இப்போது தேடித்தான் போகவேண்டும். பழைய ஆட்களில் பாதிப் பேர் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்டார்கள். கோயில் மட்டும் அதே இடத்தில். கூட்டம் போட்டால் சண்டை, திருவிழா வந்தால் எல்லாரும் ஒன்று. அதில் மாற்றமில்லை.

சரி, உன் கணினி விஷயத்துக்கு வருகிறேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் 'பூட் டிவைஸ் நாட் பவுண்ட்' என்று வருகிறது, அதாவது விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கைக் காணோம் என்று, கடைக்காரன் போர்டு (மதர்போர்டு) போய்விட்டது, புதுசு வாங்கு என்கிறான் என்று எழுதியிருந்தாய். விண்டோஸ் 10-இன் காலம் முடிந்துவிட்டதால்தான் திறக்கவில்லை என்றும் சொன்னானாம். முதல் வேலையாக அந்தப் பேச்சைக் காதில் இருந்து துடைத்துவிடு. விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்தினார்கள், அவ்வளவுதான். அதற்காகக் கணினி திறக்காமல் போகாது. அடுத்தது, போர்டு போயிருந்தால் அந்த எழுத்தைத் திரையில் போட்டது யார்? வாய் திறந்து பேசுகிறவனைப் பிணம் என்கிறான் கடைக்காரன்.

போனில் சொன்னால் பாதி மறந்துவிடுவாய். இந்தத் தாளைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகச் செய்.

நம் சின்ன வயதில் தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்குப் பார்க்கப் பெரட்டு எடுப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஆட்கள் வரிசையாக நிற்க, மேற்பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிட, கணக்கெழுதும் கிராணி செக்ரோல் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். வேலை தொடங்குவது அதற்குப் பிறகுதான். கணினியும் சுவிட்சைத் தட்டியதும் அதையேதான் செய்கிறது. பவர் சப்ளை முதலில் தன் வோல்ட்டுகளைச் சரிபார்க்கும். 12, 5, 3.3 மூன்றும் சரியாக இருந்தால் 'நான் தயார்' என்று போர்டுக்கு ஒரு சிக்னல் கொடுக்கும். அது வந்த பிறகுதான் பிராசசரே விழிக்கும். பிறகு போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரலான பயாஸ் ஒவ்வொருவராகக் கூப்பிடும்: நினைவகமான ரேம் வந்தாயா, திரைக்குப் படம் காட்டுகிறவன் வந்தாயா, கீபோர்டு வந்தாயா, ஹார்ட் டிஸ்க் வந்தாயா. எல்லாரும் வந்தால் விண்டோஸைக் கூப்பிட்டு வேலையை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிவிடும். எந்தப் பெயரில் பெரட்டு நின்றது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைப் பார்க்காமல் ஒவ்வொரு சாமானாக மாற்றிக்கொண்டே போவது காசுக்குப் பிடித்த கேடு.

கோயில் ஆபீசில் இருக்கும் கணினிக் கதையைக் கேட்டால் உனக்கு இது இன்னும் விளங்கும். போன மாதம் ஒரு பெரிய இடி. கரண்ட் போய் வந்தது. மறுநாள் கணக்கு எழுதுகிற பையன் சுவிட்சைத் தட்டுகிறான், ஒரு அசைவும் இல்லை. விசிறி சுற்றவில்லை, விளக்கு எரியவில்லை. திருவிழா நன்கொடைக் கணக்கு முழுக்க உள்ளே. செயலாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. தலைவர் புதுசு வாங்கத் தீர்மானம் போடலாம் என்று ஆரம்பித்துவிட்டார்.

நான் போய் முதலில் அந்தப் பிளக் பாயிண்டில் மேசை விசிறியைச் சொருகிப் பார்த்தேன். சுற்றியது. சுவரில் கரண்ட் இருக்கிறது. மூன்று கால் பிளக்கில் ஒரு பியூஸ் இருக்கும் இல்லையா, அதைக் கழற்றி வேறு பியூஸ் போட்டேன், பலனில்லை. பெட்டிக்குப் பின்னால் பவர் சப்ளையில் ஒரு குட்டிச் சுவிட்சு உண்டு, கூட்டுகிறவர்கள் கை பட்டு அது அணைந்திருப்பதும் நடக்கும். அதுவும் சரியாகவே இருந்தது. பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முன்பக்கப் பொத்தானை அரை நிமிடம் போல அழுத்திப் பிடித்தேன். இடி அடித்த பிறகு சில பவர் சப்ளைகள் தன்னைக் காத்துக்கொள்ளப் பூட்டிக்கொள்ளும். தேங்கிய மின்சாரம் வடிந்தால் பூட்டு விடும். பல தடவை அத்தோடு முடிந்துவிடும். இங்கே முடியவில்லை.

கடைசியாகப் பவர் சப்ளையைப் போர்டிலிருந்து கழற்றி, 24 முள் உள்ள அந்தப் பெரிய பிளக்கில் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்துப் பார்த்தேன். நல்ல பவர் சப்ளையாக இருந்தால் தனியாகவே ஓடும். இதன் விசிறி துடிக்கக்கூட இல்லை. செத்தது அதுதான். இந்தக் கிளிப் வேலையை நீ செய்யாதே, உனக்குக் கை நடுக்கம். பவர் சப்ளை டப்பாவையும் யாரும் திறக்கக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

ஈப்போவுக்குப் போய்ப் புதுப் பவர் சப்ளை வாங்கி வந்து மாட்டினோம். நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) கொஞ்சம் மேல். விசிறி சுற்றியது, எல்லாரும் கை தட்டினார்கள். ஆனால் திரை வரவில்லை, பெட்டி 'பீப் பீப்' என்று கத்தியது. தலைவர் மறுபடியும் தீர்மானத்துக்குப் போய்விட்டார். எனக்கோ சந்தோஷம், கத்தினால் பெரட்டு நடக்கிறது என்று அர்த்தம். எத்தனை பீப்புக்கு என்ன பொருள் என்பது பயாஸ் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனாலும் திரை வராமல் கத்தினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேமை. பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு ரேமை உருவினேன். இந்த ஊர் ஈரக்காற்றில் தங்க முலாம் பூசிய பற்கள் மங்கிப் போயிருந்தன. ஸ்லாட்டுக்குள் எறும்பு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழி ரப்பரால் பற்களை மெதுவாகத் தேய்த்து, ஸ்லாட்டைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, இரண்டு பக்கமும் 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினேன். பால்மரத்து ஊர்க்காரனை ரப்பர் கைவிடுமா? ஒரே தட்டில் விண்டோஸ் வந்துவிட்டது. நன்கொடைக் கணக்கு ஒரு காசு குறையாமல் இருந்தது. தலைவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இனி உன் பெட்டி. உன்னுடையதில் பவர் இருக்கிறது, ரேம் இருக்கிறது, திரை இருக்கிறது. பெரட்டு கடைசிப் பெயரில், ஹார்ட் டிஸ்க்கில் நின்றிருக்கிறது. அது வரவில்லையா, வந்தும் கூப்பிட்டவர் வேறு பக்கம் பார்த்தாரா என்பதுதான் கேள்வி. எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. காரணம் உன் கடிதத்திலேயே இருக்கிறது. சில மாதமாகக் கணினியில் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது, வங்கிப் பக்கம் 'பாதுகாப்பில்லை' என்று மிரட்டுகிறது என்று புலம்பியிருந்தாயே, அதையும் இதையும் நீ சேர்த்துப் பார்க்கவில்லை.

போர்டில் இருபது காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும். சிஆர் 2032, 3 வோல்ட். கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். பல போர்டுகளில் பயாஸ் செட்டிங்கைக் காப்பாற்றுவதும் அதுதான். பேட்டரி தீர்ந்தால் முதலில் தேதி தவறும். தேதி தவறினால் வங்கிப் பக்கத்தின் சான்றிதழ் இன்னும் நடப்புக்கே வராதது போலத் தெரியும், அதனால்தான் அந்த மிரட்டல். அப்புறம் ஒருநாள் செட்டிங் முழுவதும் அழிந்து, போர்டு தொழிற்சாலையில் இருந்து வந்தபோது இருந்த நிலைக்குப் போய்விடும். எந்த டிஸ்க்கை முதலில் பார்க்க வேண்டும், எந்த முறையில் திறக்க வேண்டும் என்பதெல்லாம் மறந்துபோகும். இடிக்குப் பயந்து நாம் சுவரிலேயே சுவிட்சை அணைத்துவிடுகிறோம் இல்லையா, அதனால் பேட்டரி இன்னும் சீக்கிரம் தீரும். பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை போர்டு அதிலிருந்தே கடிகாரத்தை ஓட்டிக்கொள்ளும். அதற்காக அணைக்கும் பழக்கத்தை விடாதே. பேட்டரி இரண்டு மூன்று வெள்ளி, பவர் சப்ளை நூறு வெள்ளி.

முதலில் பேரன் சொருகிவைத்த பென்டிரைவ் எதுவும் இருந்தால் பிடுங்கிவிட்டுத் தட்டிப் பார். சிரிக்காதே, இதில் சரியான கணினிகளையும் பார்த்திருக்கிறேன். அதற்கும் வரவில்லையென்றால் பிளக்கைப் பிடுங்கி, பக்கப் பலகையைக் கழற்றி, பேட்டரியை மாற்று. எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கவேண்டும். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் இரண்டு கேபிள்களையும் கழற்றி மறுபடி அழுத்தமாகச் சொருகு. மறுபடி கரண்ட் கொடுத்து, பெட்டி விழிக்கும்போதே டெலிட் விசையைத் தட்டிக்கொண்டே இரு. சில கம்பெனிப் பெட்டிகளில் எஃப் 2, சிலவற்றில் எஃப் 10. பயாஸ் திறக்கும். தேதியைச் சரிசெய். பிறகு டிஸ்க் பட்டியலில் உன் ஹார்ட் டிஸ்க்கின் பெயர் இருக்கிறதா பார்.

பெயர் இருந்தால் நீ பிழைத்தாய். பூட் வரிசையில் அதை முதலில் வை. அப்போதும் வராவிட்டால் கணினியைத் திறக்க லெகசி (பழையது), யூஇஎஃப்ஐ (புதியது) என்று இரண்டு வழி இருக்கும், இப்போது எது இருக்கிறதோ அதை விட்டு மற்றதை வைத்துப் பார். உன் கணினி விண்டோஸ் 7 காலத்தில் வாங்கி, பிறகு 10-க்கு ஏற்றியது. அதனால் லெகசியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். விண்டோஸ் சின்னம் வந்து நீலத் திரையில் நின்றால் பயப்படாதே, அது போர்டு டிஸ்க்கோடு பேசும் விதத்தைக் குறிக்கும் சாட்டா மோட் என்ற செட்டிங் மாறியதால் இருக்கலாம். ஏஎச்சிஐ என்றிருந்தால் ஐடிஇ, ஐடிஇ என்றிருந்தால் ஏஎச்சிஐ. எதை மாற்றும் முன்பும் திரையைப் போனில் படம் பிடித்துக்கொள்.

பெயர் இல்லையென்றால் கேபிளையும், போர்டில் அது சொருகும் இடத்தையும் மாற்றிப் பார். காதைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கேள். 'டிக், டிக்' என்று ஒரே சீராகத் தட்டும் சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடு, மறுபடி தட்டவே தட்டாதே. ஓட்ட ஓட்ட உள்ளே இருப்பது இன்னும் கெடும்.

நான் இவ்வளவு எழுதுவது அந்தப் பழைய பெட்டிக்காக இல்லை மச்சான். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். லயம் லயமாக யார் யார் இருந்தார்கள், எங்கே போனார்கள் என்று நீ சேர்த்த பட்டியல், கோயில் திருவிழாப் படங்கள், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு உன் அப்பா மாதம் பத்து வெள்ளி கட்டி வாங்கிய பங்குப் பத்திரத்தின் ஸ்கேன். அந்தத் தாளைக் கரையான் தின்றுவிட்டது என்று நீயே சொன்னாய். அதனால் கடைக்காரன் 'பார்மட் பண்ணித் தருகிறேன்' என்று உள்ளே இருப்பதை அழிக்கப் பார்த்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடு. போர்டே போயிருந்தாலும் ஹார்ட் டிஸ்க்கைத் தனியாகக் கழற்றி, டிஸ்க்குக்கென்றே தனி அடாப்டரோடு வரும் யூஎஸ்பி கேபிள் ஒன்றை மாட்டி, மகனுடைய லேப்டாப்பில் சொருகி எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். எடுத்ததை இரண்டு இடத்தில் வை. ஒன்றை எனக்கு அனுப்பு.

அப்புறம் இன்னொன்று. இடி இடிக்கும்போது பவர் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. இணைய மோடத்திலிருந்து கணினிக்கு வரும் வயரையும் பிடுங்கு. தெருவிலிருந்து வரும் பைபரில் மின்சாரம் ஓடாது, ஆனால் மோடத்துக்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டரும் அங்கிருந்து உன் பெட்டிக்கு வரும் வயரும் செம்புதானே.

தைப்பூசத்துக்கு ஈப்போ குனோங் சீரோ பக்கம் வருவதாக எழுதியிருந்தாய். வந்தால் இங்கே இரண்டு நாள் தங்கிவிட்டுப் போ. மேட்டுக்குப் போகலாம், உன் பட்டியலில் விட்டுப்போன ஆறாம் லயத்துக்காரர்கள் இரண்டு வீட்டை நான் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். அதற்குள் இதெல்லாம் செய்தும் திறக்கவில்லையென்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் துணியில் சுற்றிக் கையோடு கொண்டு வா. பெட்டியைச் சுமக்க வேண்டாம், உன் முட்டி தாங்காது.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். பயாஸ் படத்தை மறக்காமல் வாட்ஸ்அப்பில் போடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்