படம் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

முதுகலை திரைப்படவியல் ஆய்வேடுகளுக்குப் புறத்தேர்வாளராகப் போய்வருகிறவன் நான். ‘தமிழ் சினிமாவில் பெண்கள்’ என்று நூறு வருடத்தையும் ஒரே தலைப்பில் அள்ளுகிற ஆய்வேடு ஏதாவது ஒன்று வருடம் தவறாமல் வந்துவிடுகிறது. பாதிப் பக்கம் கதைச்சுருக்கம். யூடியூபில் கிடைத்த படங்கள்தான் சான்று.

ஆய்வு வழிகாட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள்: தலைப்பைப் பதிவதற்கு முன், சான்றுகளைத் தேட மாணவர்களுக்கு ஒரு மாதமாவது கொடுங்கள். 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்தின் பிரதியே இன்று நம்மிடம் இல்லை. அதனால் அந்தக் காலத்தை ஆராய முடியாது என்று ஒதுங்க வேண்டியதில்லை. தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் இருக்கின்றன. கதைச்சுருக்கம், நடிகர் பட்டியல், பாட்டு, விளம்பரம் எல்லாம் அவற்றில் உண்டு. பின்னட்டை விளம்பரங்களை மட்டும் வைத்தே நல்ல ஆய்வேடு எழுதலாம். இதுவரை யாரும் என்னிடம் கொண்டுவரவில்லை! புனேயில் 1964-இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927-28-இல் செயல்பட்ட திரைப்பட விசாரணைக் குழுவின் சாட்சியத் தொகுதிகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. கொட்டகைக்காரர்கள் பேசியதை அப்படியே படிக்கலாம்.

சரி, புனே போக ரயில் கட்டணம் யார் தருவது? பல்கலைக்கழகங்கள் ஆய்வேட்டுக்கெனச் சிறு பயணத்தொகை ஒதுக்க வேண்டும்.

– ஓய்வுபெற்ற பேராசிரியர், திருச்சி