மலையூருக்குப் போகும் குடும்பங்களுக்கு இடங்களின் பட்டியல் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நெருங்கினாலே மலையூர்களில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் தங்கள் சுற்றுலாப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஏரி, அருவி, காட்சிமுனை எல்லாம் அதில் இருக்கின்றன. ஊரின் உயரம், மலைப்பாதையில் ஆகும் நேரம், இரவுக் குளிர், பக்கத்தில் மருத்துவமனை எங்கே என்ற விவரங்கள் இருப்பதில்லை. கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் கிளம்பும் குடும்பத்துக்கு முதலில் தேவை இந்த நான்கும்தான். ஒவ்வொரு கட்டுரையோடும் இவற்றையும் வெளியிட வேண்டுகிறேன்.

நேரக் கணக்கில்தான் பெரும்பாலான திட்டங்கள் சறுக்குகின்றன. வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் சராசரி வேகம் மணிக்கு 20 முதல் 30 கிலோமீட்டர்தான். 60 கிலோமீட்டர் என்றால் இரண்டு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். வெயிலில் சூடான சரிவுகளிலிருந்து காற்று மேலெழுந்து குளிர்வதால் மதியத்துக்கு மேல் மேகம் திரள்வது மலையில் வழக்கம். ஆகவே காட்சிமுனைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம் போதும். மூன்று இடம் என்று எழுதிக்கொண்டு போனால் பாதி நாள் வண்டிக்குள்ளேயே கழியும்.

வளைவில் வாந்தி வருவது வயிற்றுக் கோளாறு அல்ல. உடல் அசைவதை உள்காது சொல்கிறது, கைபேசியைப் பார்க்கும் கண்ணோ அசைவில்லை என்கிறது. இரண்டும் முரண்படுவதால் வரும் குமட்டல் அது. 2 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே இது அதிகம். கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு எளிதான உணவு கொடுத்து, வண்டியில் தொலைவைப் பார்க்கச் சொல்ல வேண்டும். குமட்டல் மாத்திரையை அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். மருத்துவரைக் கேட்காமல் சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. தூக்கம் வரவழைக்கும் என்பதால் ஓட்டுநர் அதைத் தொடவே கூடாது.

ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து. இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் பேடுகள் சூடேறிப் பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயிலும் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகி, மிதி அடிவரை போனாலும் வண்டி நிற்காது. ஆயில் பழசானால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்: டாட் 3 (DOT 3) என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பின் இந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. பயணத்துக்கு முன் இரண்டு ஆண்டுக்கு மேலான ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான். எந்தக் கியரில் ஏற முடியுமோ அதே கியரில் இறங்க வேண்டும். நியூட்ரலில் உருட்டுவது வேண்டவே வேண்டாம். தானியங்கிக் கியர் வண்டியிலும் தாழ்ந்த கியரைத் தேர்ந்தெடுக்க வழி உண்டு. அதை மலை ஏறும் முன்பே பழகிக்கொள்ள வேண்டும். கருகல் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது, சூடான டிஸ்க் கோணிவிடும். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர்தான் வழிவிட வேண்டும். சரிவில் நின்ற வண்டியை மறுபடி ஏற்றுவது கடினம்.

துணிமணிக்கு ஒரு கணக்கு போதும்: 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறையும். ஒரே தடித்த கம்பளியைவிட மெல்லிய ஆடைகளை மூன்று அடுக்காகப் போடுவது நல்லது. குளிர்கிறதே என்று வெயிலை மறக்க வேண்டாம், உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிரும் கூடும்.

2,500 மீட்டரைத் தாண்டினால் நிலைமையே வேறு, காற்று மெலிவதால் உயர நோய் வரலாம். லடாக்கின் லே, பெருவின் குஸ்கோ போல 3,400, 3,500 மீட்டரில் உள்ள ஊர்களுக்கு விமானத்தில் நேராகப் போய் இறங்கிய அன்றே சுற்றக் கிளம்பக் கூடாது. தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வருவது அந்த நோயின் அறிகுறி, வந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. பேசத் தெரியாத குழந்தை சாப்பிட மறுத்து, விளையாடாமல் சிணுங்குவதும் அதே அறிகுறியாக இருக்கலாம். ஓய்விலும் குறையாவிட்டால் கீழே இறங்குவதே மருந்து. இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் அறை பதிவு செய்யும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும்.

அறை பிடிக்கும்போது சன்னல் வழியே என்ன தெரியும் என்பதைவிட, வண்டி நிற்கும் இடத்திலிருந்து அறைக்கு எத்தனை படி என்று கேளுங்கள். மலைச்சரிவு விடுதிகளில் வரவேற்பறை சாலை மட்டத்தில் இருக்கும், அறைகள் பல படிகள் கீழே இருக்கும்; முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது பெரும் பாடு. வெந்நீர் எந்த நேரத்தில் வரும், அறையை எதனால் சூடாக்குகிறார்கள் என்பதையும் கேளுங்கள். குளிருக்காகக் கதவு சன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே கரிச் சட்டி வைப்பது உயிரைப் பறிக்கும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குபவருக்கு அது சேர்வதே தெரியாது. காற்றோட்டம் இல்லாத குளியலறையில் எரிவாயு கீசர் இருந்தாலும் இதே ஆபத்துதான். அப்படிப்பட்ட அறையைக் கொடுத்தால் வேறு அறை கேளுங்கள். இல்லையென்றால் கூடுதலாக இரண்டு கம்பளி கேட்டு வாங்கிக்கொண்டு, கரிச் சட்டியை வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்